இரண்டாம் நாண்

லிடியா வலது காலை ஊன்றவில்லை. ஹாக்கி ஆட்டத்தின் கடைசி குவார்ட்டருக்கு விசில் ஊதிய கொஞ்ச நேரத்திலேயே சண்முகக்கனி அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் வேறு எங்காவது பார்க்கவேண்டும் என்று கேலரிப் பக்கம் கண்ணைத் திருப்பினாள். கண் அங்கே நிற்காமல் திரும்பவும் கோல் போஸ்ட்டுக்கே வந்தது. பந்து மைதானத்தின் அந்தக் கோடியில் கிடந்தது. பந்து தூரத்தில் இருந்தாலும் கோல்கீப்பர்கள் சும்மா நிற்கமாட்டார்கள், இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்து, கொதிக்கிற மணலில் செருப்பில்லாமல் நிற்கிற ஆளைப்போல ஆடிக்கொண்டே இருப்பார்கள். லிடியா இடது காலில் மொத்தப் பாரத்தையும் போட்டு, தோளைக் கம்பத்தில் லேசாகச் சாய்த்து நின்றாள். வேறு யாருக்கும் இது தெரியாது. தொடையிலிருந்து பாதம்வரை கீப்பர் கட்டுகிற பஞ்சுப் பலகைகள் மூடியிருக்கும்போது உள்ளே முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தாலும் வெளியே தெரியப்போவதில்லை. ஒரு கோல்கீப்பர் நொண்டுவதை இன்னொரு கோல்கீப்பர்தான் கண்டுபிடிக்கமுடியும். அந்த இன்னொரு கோல்கீப்பர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவளும் தொடையிலிருந்து பாதம்வரை அதே பலகைகளைக் கட்டியிருக்கிறாள், உள்ளே வியர்வை வழிந்து கணுக்காலில் போய்த் தேங்கி நிற்கிறது. இறங்கப்போவதில்லை என்று தெரிந்தும் கட்டிக்கொள்ளவேண்டும், அதுதான் விதி. கோவில்பட்டி வெயிலுக்கு இறங்குகிற கீப்பர், இறங்காத கீப்பர் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. அரையிறுதி. லிடியா இப்போதும் வலது காலை ஊன்றவில்லை.

ஸ்ட்ரிங். அந்த வார்த்தை போன வாரத்திலிருந்து செருப்புக்குள் போன கல் மாதிரி கனியை உறுத்திக்கொண்டிருந்தது. புதுக் கோச் முத்தண்ணா சார் குடகுக்காரர், தமிழ் பேசுவார், ஆனால் முக்கியமான விஷயம் வந்தால் இங்கிலீஷுக்குப் போய்விடுவார். விடுதி ஹாலில் எல்லாரையும் தரையில் உட்காரவைத்து, இவங்கதான் என்னோட ஃபர்ஸ்ட் ஸ்ட்ரிங் என்று சொல்லி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். லிடியா பேர் வந்தது. கனி பேர் வரவில்லை. வராது என்று தெரிந்ததுதான், இரண்டு வருஷமாக வரவில்லை, பிள்ளை பெற்றுத் திரும்பி வந்ததிலிருந்தே வரவில்லை, அதற்காக அழுது முடித்தாகிவிட்டது. ஆனால் மெயின் டீம் என்றோ ப்ளேயிங் லெவன் என்றோ சொல்லியிருந்தால் பழகின அடியாகப் போயிருக்கும், இது என்ன ஸ்ட்ரிங்? மேனேஜர் கிளாடிஸ் மேடத்திடம் கேட்டபோது, "கயிறுன்னு அர்த்தம்டி, கிடார் கம்பிக்கும் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முதல் கயிறு. முதல் கம்பி. பாவாடை நாடாவுக்குக்கூட அதே வார்த்தைதானே. கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் தேடி, எழுத்துக்கூட்டிப் படித்து, புரியாததைத் தமிழில் மாற்றிப் பார்த்தாள். அந்தக் காலத்து வில்லாளிகள் இரண்டு நாண் வைத்திருப்பார்களாம். உள்ளதிலேயே நல்ல நாணை வில்லில் பூட்டியிருப்பார்கள், இன்னொன்றைச் சுருட்டி ஈரம் படாமல் பத்திரமாக வைத்திருப்பார்கள். பூட்டியது அறுந்தால் சுருட்டியதை எடுப்பார்கள். அந்தப் பேச்சுதான் பின்னால் மைதானத்துக்கு வந்து, வழக்கமாக இறங்குகிறவர்கள் முதல் நாண், அவர்களுக்கு ஏதாவது ஆனால் இறங்குகிறவர்கள் இரண்டாம் நாண் என்று ஆகிப்போனதாகச் சொல்கிறார்கள். படித்ததும் கனிக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. கயிறு இல்லை, நாடா இல்லை, நாண். வில்லில் கட்டுகிற சாமான். பக்கத்துக் கட்டிலில் லிடியா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தொரு வயசு, மணப்பாட்டுப் பிள்ளை, மனசில் பட்டதை அப்படியே பேசும். அவளிடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னாள். லிடியா துண்டை இறக்கிவிட்டுக் கேட்டாள், "அப்ப நான் அறுந்தாத்தான் உங்களுக்கு வேலையாக்கா?" கேட்டுவிட்டுச் சிரித்தாள். கனியும் சிரித்தாள். விளக்கை அணைத்தார்கள். அறுந்தாத்தான். அந்தப் பிள்ளை கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, சத்தியமாக இல்லை, அதனால்தான் அது இன்னும் ஆழமாக இறங்கியது.

பந்து இந்தப் பக்கம் வந்தது. மஞ்சள் சட்டைக்காரிகள் ஓட்டமாக ஓடுகிறவர்கள், வடக்கேயிருந்து வந்தவர்கள், மூன்று பேர் பக்கவாட்டில் விரிந்து ஓடிவருகிறார்கள். கனியின் கால்கள் பெஞ்சுக்கு அடியில் தானாக அசைந்தன, இடது பக்கம், இடது பக்கம், முன்னால் வா லிடியா, முன்னால் வந்து கோணத்தை அடைத்துவிடு. லிடியா வரவில்லை. கோட்டிலேயே நின்றாள். பின்களக்காரி ஒருத்தி குறுக்கே மட்டையைப் போட்டுப் பந்தை வெளியே தள்ளிவிட்டாள், கேலரி மூச்சுவிட்டது. ஏன் முன்னால் வரவில்லை என்று முத்தண்ணா சார் கையை விரித்துக் கத்தினார். ஏன் என்று கனிக்குத் தெரியும். காலையில் விடுதிப் படியில் லிடியா சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கி வந்தாள், கனியைக் கண்டதும் கையைச் சுவரிலிருந்து எடுத்தாள். என்னடி என்று கேட்டதற்கு முதலில் ஒன்றுமில்லை, பிறகு தூங்கினதில் பிடித்துக்கொண்டது, பிறகு கண் நிறைந்துவிட்டது. "நேத்து அந்தக் கார்னர்ல விழுந்தேம்லா, அப்ப முட்டுக்குள்ள ஏதோ டக்குன்னு சத்தம் கேட்டுச்சுக்கா. ஒருத்தர்கிட்டயும் சொல்லிராதீங்க. நேஷனல் கேம்புக்கு எடுக்க இன்னிக்கு ஆள் வந்திருக்காங்க. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நின்னுட்டேன்னா போதும். சத்தியம் பண்ணுங்க." அவள் நீட்டிய கையில் கனி அடித்துச் சத்தியம் செய்யவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி வா சாப்பிடலாம் என்றாள். அது சத்தியத்தில் சேர்த்தியா இல்லையா? லிடியாவைப் பொறுத்தவரை சேர்த்திதான், அவள் அதை நம்பித்தான் இட்லி சாப்பிட்டாள், இரண்டு மாத்திரை விழுங்கினாள், இறங்கினாள். முட்டுக்குள் டக்கென்று சத்தம் கேட்டால் அது என்ன என்று பதினைந்து வருஷம் ஆடின யாருக்கும் தெரியும். கூட ஆடிய ஜோஸ்லினுக்கு அப்படித்தான் கேட்டது, அவள் இன்னும் ஒரு ஆட்டம் ஆடினாள், அத்தோடு முடிந்தது, இன்றைக்கும் பஸ் படி ஏறும்போது முட்டைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறாள். அப்படியானால் எழுந்துபோய்ச் சாரிடம் சொல்லவேண்டியதுதானே? பத்தடி தூரத்தில்தான் நிற்கிறார். சார், லிடியாவுக்கு முட்டுல அடி. நாலு வார்த்தை. சொன்னால் அடுத்து என்ன நடக்கும்? லிடியா வெளியே வருவாள், கனி உள்ளே போவாள். அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஏனென்றால் கனிக்கு இறங்கவேண்டும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? சொந்த ஊர் மைதானம், கேலரியில் மூன்றாவது வரிசையில் புருஷன் பொன்ராஜ் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் அவனோடு வேலை பார்க்கிறவர்கள் நாலு பேர். நல்ல மனுஷன்தான், குத்திக்காட்டுகிற ஆள் இல்லை, நேற்று போனில், இந்த மேட்ச்லயாவது இறங்குவியா கனி, பாப்பா அம்மா எங்கன்னு கேப்பா என்று மட்டும்தான் கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். அம்மா பெஞ்சில் இருக்கிறாள் என்று சொல்லேன் என்று இவள்தான் வெடுக்கென்று சொன்னாள். நாண் என்றால் வில்லில் கட்டுவதும் அதுதான், வெட்கப்படுவதும் அதுதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இப்போது ஞாபகம் வந்தது, கல்யாணப் பத்திரிகையில் மங்கல நாண் என்று போட்டிருந்ததும் ஞாபகம் வந்தது, அந்த நாணை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கழற்றிப் பைக்குள் வைக்கவேண்டியிருக்கிறது, மாமியார் பார்த்துவிடாமல். எல்லா நாணும் பைக்குள்ளேதான். கனி உதட்டைக் கடித்துக்கொண்டு தனக்குள் சிரித்தாள், உடனே சிரிப்பு நின்றது. படியில் லிடியா அழுதபோது முதலில் என்ன தோன்றியது? ஐயோ பாவம் என்று தோன்றியதா? தோன்றியது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி, அரை நொடி, வேறு ஒன்று தோன்றவில்லையா? அப்படியென்றால் இன்றைக்கு நான். அந்த அரை நொடியைக் கனி காலையிலிருந்து தேய்த்துக் கழுவப் பார்க்கிறாள், போகவில்லை. அதனால்தான் சொல்லமுடியவில்லை. நல்லெண்ணத்தோடு சொல்லமுடியாததால் சொல்லாமல் இருக்கிறாள், சொல்லாமல் இருப்பதால் அந்தப் பிள்ளையின் முட்டு போய்க்கொண்டிருக்கிறது, அப்படியானால் தன் மனசு சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்காகவா அவள் காலைப் பலிகொடுப்பது? அதுவும் சுயநலம்தானே? இதுவும் சுயநலம், அதுவும் சுயநலம், பிறகு எங்கே போய் நிற்பது? லிடியா வயசில் கனிக்குச் சுண்டுவிரல் முறிந்திருந்தது, டேப் சுற்றி மறைத்து மூன்று ஆட்டம் நின்றாள், அப்போதிருந்த சீனியருக்கு அது தெரியும், அவள் சொல்லவில்லை. விரல் இன்றுவரை கோணலாக இருக்கிறது, பாப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போடும்போது ஒத்துழைக்க மறுக்கிறது. அந்த சீனியர் சொல்லியிருந்தால்? விரல் நேராக இருந்திருக்கும். கனி அவளை வாழ்நாளெல்லாம் திட்டிக்கொண்டிருப்பாள். இரண்டும் உண்மை.

பெனால்டி கார்னர். அம்பயர் கை கோலைக் காட்டியது. பெஞ்சில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள், கனியும் எழுந்தாள், எழுந்தபோது மடியிலிருந்த ஹெல்மெட் உருண்டு விழுந்தது, அதை எடுக்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷமோ என்னவோதான் மிச்சம். பந்து தள்ளப்பட்டது, நிறுத்தப்பட்டது, மஞ்சள் சட்டைக்காரிகளில் ஒரு நெட்டைக்காரி இழுத்து வீசினாள், வலது பக்கம், ஐயோ வலது பக்கம், வலது காலை உதைத்துத்தான் அந்தப் பக்கம் பாயமுடியும், லிடியா உதைத்தாள். பறந்தாள். பந்து அவள் கைப்பட்டையில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது. கேலரி எழுந்து ஆடியது, யாரோ விசிலடித்தார்கள், கிளாடிஸ் மேடம் கனியைக் கட்டிப்பிடித்தாள். கட்டிப்பிடித்த தோளுக்கு மேலாகக் கனி பார்த்துக்கொண்டிருந்தாள். லிடியா எழுந்திருக்கவில்லை. குப்புறக் கிடந்து ஈரப் புல்விரிப்பை ஒரு கையால் அடித்தாள், சந்தோஷத்தில் அடிக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். பிறகு கம்பத்தைப் பிடித்து, கை மாற்றிக் கை மாற்றி, கிணற்றிலிருந்து கயிறு பிடித்து ஏறுகிறவளைப்போல எழுந்தாள். கடைசி விசில் ஊதிவிட்டது. ஒன்றுக்கு ஒன்று. ஷூட் அவுட். ஐந்து தடவை, எதிராளி தனியாகப் பந்தோடு ஓடிவருவாள், எட்டு நொடி, கீப்பர் வெளியே பாய்ந்து, விழுந்து, புரண்டு, மறுபடி எழுந்து தடுக்கவேண்டும். ஐந்து தடவையும் அந்தக் காலில்.

எப்போது நடக்கத் தொடங்கினாள் என்று கனிக்குத் தெரியவில்லை. முத்தண்ணா சார் யார் யார் அடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தார், கனி போய் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள், அப்படிப் பிடித்ததே இல்லை. "சார், லிடியாவுக்கு முட்டுல அடி. நேத்திலிருந்தே." அவர் திரும்பிப் பார்த்தார். கட்டிய பலகைகளைப் பார்த்தார், ஹெல்மெட் இல்லாத தலையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "இது அவளுக்காகச் சொல்றியா, உனக்காகச் சொல்றியா?" கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் போலிருந்தது. அவளுக்காக சார் என்று சொல்லிவிட்டால் முடிந்தது, வாயில் அந்த வார்த்தை தயாராகக்கூட இருந்தது. "தெரியல சார்" என்றாள் கனி. "ஆனா அடிபட்டது நெசம்." லிடியா அதற்குள் வந்து சேர்ந்திருந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சார் அவளிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. "ஒரு தடவ உக்காந்து எந்திரி" என்றார். லிடியா பாதிவரை போனாள். பாதியில் நின்றாள். நின்றபடியே கனியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, வீட்டுக்குள்ளேயே திருடன் இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள் பார்க்கிற பார்வை. "நல்லாத்தான் இருக்கு சார், அக்கா சும்மா சொல்றாங்க" என்றாள். சொல்லிக்கொண்டே எழப் பார்த்தாள், முடியாமல் சாரின் கையைப் பிடித்தாள். பிசியோ ஓடிவந்து அவளை நாற்காலியில் உட்காரவைத்தார், ஸ்கேன் எடுத்தால்தான் எதையும் சொல்லமுடியும் என்று சொல்லிவிட்டு ஐஸ் எடுக்க ஓடினார். சார் கனியைப் பார்க்காமலேயே சொன்னார், "ஹெல்மெட்டை எடு."

கோல் கோட்டில் போய் நின்றதும் சத்தம் அடங்கியது. மைதானத்தில் சத்தம் இருந்தது, கேலரியில் இருந்தது, உள்ளேதான் அடங்கியது. ஸ்ட்ரிங் இல்லை, நாண் இல்லை, பொன்ராஜ் இல்லை, பாப்பாகூட இல்லை, மட்டைக்கும் பந்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மட்டும் இருந்தது. முதலாமவள் ஓடிவந்தாள், கனி வெளியே பாய்ந்தாள், பந்து காலில் பட்டு வெளியே ஓடியது. இரண்டாமவள் சுற்றிக்கொண்டு போய் அடித்துவிட்டாள். மூன்றாமவளிடமும் தோற்றாள். நாலாமவள் வலப்பக்கம் திரும்பும்போது மட்டையை நீட்டி நிறுத்தினாள், விழுந்ததில் தோள்பட்டை எரிந்தது, அந்த எரிச்சல்கூட நன்றாக இருந்தது, ஆமாம், நன்றாகத்தான் இருந்தது, இரண்டு வருஷம் கழித்து உடம்பு தன் வேலையைச் செய்தது. நம் பெண்கள் நாலில் இரண்டு போட்டிருந்தார்கள், ஐந்தாவதாகப் போனவள் கம்பத்தில் அடித்தாள். எதிரணியில் ஐந்தாமவள் அந்த நெட்டைக்காரி. அவள் இடப்பக்கம் காட்டி வலப்பக்கம் திரும்புவாள் என்று கனி எதிர்பார்த்தாள், அப்படியேதான் திரும்பினாள், கனி சரியான பக்கத்தில்தான் விழுந்தாள், கோணல் விரலின் உறையில் பந்து பட்டதுகூடத் தெரிந்தது, பட்டும் நிற்காமல் உருண்டு உருண்டு, அவசரமே இல்லாமல் கோட்டைத் தாண்டியது. மஞ்சள் சட்டைகள் ஓடிவந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கனி அவர்களுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தாள். வானம் வெளுத்துப்போய் இருந்தது. எண்ணங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

திரும்பி நடக்கையில் கேலரி வேலியோரம் நின்ற யாரோ பக்கத்து ஆளிடம், "அந்தச் சின்னப் பிள்ள நின்னிருந்தா புடிச்சிருக்கும்ல" என்று சொன்னது கேட்டது. அவனுக்கு அப்பால் பொன்ராஜ் மகளைத் தோளில் தூக்கிவைத்துக் கையை ஆட்டச் சொல்லிக்கொண்டிருந்தான், பிள்ளை ஆட்டியது, கனியும் கையுறையோடு ஆட்டினாள். முத்தண்ணா சார் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். மற்றவர்கள் வழிவிட்டார்கள், தேவைக்கு அதிகமாகவே வழிவிட்டார்கள். பந்தலுக்கு அடியில் லிடியா நாற்காலியில் தனியாக இருந்தாள், பிசியோ இன்னும் ஐஸோடு வரவில்லை. கனி போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வேறு எங்கே போய் உட்காருவது என்று தெரியவில்லை.

"நான் நின்னிருந்தா அந்தக் கடைசியப் புடிச்சிருப்பேன்" என்றாள் லிடியா, மைதானத்தைப் பார்த்துக்கொண்டே.

"புடிச்சிருப்ப" என்றாள் கனி.

"ஏன்க்கா சொன்னீங்க?"

கனி யோசித்தாள். ஜோஸ்லினைப் பற்றிச் சொல்லலாம், முட்டு போனால் போனதுதான் என்று சொல்லலாம், நீ வலப்பக்கம் பாய்ந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று சொல்லலாம், அதுதான் நிஜத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது. அரை நொடியைப் பற்றியும் சொல்லவேண்டும், அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் எதுவுமே நிஜமாக இருக்காது. "எனக்கும் இறங்கணும்னு இருந்துச்சு லிடியா" என்றாள். "அதுக்காக மட்டும் சொல்லல. ஆனா இருந்துச்சு."

மைக்கில் யாரோ ஜெயித்த அணியின் பேரைத் தப்பாக உச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அது ஓய்ந்த பிறகு லிடியா குனிந்து வலதுகால் பலகையின் பின்பக்கத்து வாரைக் கழற்றப் பார்த்தாள். கை எட்டவில்லை, மடக்கினால்தான் எட்டும், மடக்க முடியவில்லை. இன்னொரு தடவை குனிந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு மூக்கை உறிஞ்சினாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, கனியின் மடியில் கொண்டுபோய் வைத்தாள்.

"மெதுவாக் கழட்டுங்க" என்றாள்.